வாட்ச்மேன் நோட்டும் வைஃபை பெட்டியும்

(நம் வகுப்பின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் சொன்னது இதுதான்: "நீ முப்பது வருஷம் டெலிபோன் இலாகாவிலே குப்பை கொட்டினவன். ஏதாவது உபயோகமாப் பேசு. ஆனா பழைய கதை வேண்டாம், அதுக்கு ராத்திரி மொட்டை மாடி இருக்கு." ஆகவே உபயோகமான ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு ரவுட்டர் வாங்குவது எப்படி? அதிலும், பெரிய பெரிய ஃபைல்களை ராப்பகலாகப் பலரோடு பகிர்ந்துகொண்டாலும் மூச்சு முட்டாத ரவுட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பின்வரிசையில் யாரோ கொட்டாவி விடுவது தெரிகிறது. (சிரிப்பு) கொஞ்சம் பொறுங்கள். இந்தச் சின்னப் பெட்டியால் நான் ஒரு நண்பனை ஒன்றரை வருஷம் இழந்தேன். அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். விடுதியில் எனக்கு எதிரறைக்காரன்.

2020 ஜனவரியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதத்தில் ஊரடங்கு. பொழுது போகாமல் பரணை இறக்கியபோது ஆறு வீடியோ கேசட் கிடைத்தது. 1989-ல் நம் பிரிவு உபசார விழாவுக்குக் கல்யாண வீடியோக்காரரை அமர்த்தி எடுத்தோமே, அதுவும் கலைவிழாவும் தொழிற்சாலைச் சுற்றுலாவும். கேசட் ஒன்றுக்கு 3 மணி, ஆக 18 மணி நேரம். பூஞ்சை பிடித்துப்போவதற்குள் கணினிக்கு மாற்றினேன். நல்ல தரத்தில் மாற்றினால் ஒரு மணிக்குச் சுமார் 13 ஜி.பி. ஆகும். மொத்தம் 234 ஜி.பி. குழுவில் செய்தி போட்டதுமே 40 பேர் "எனக்கு அனுப்பு, எனக்கு அனுப்பு" என்றீர்கள்.

கணக்குப் பாருங்கள். என் இணைப்பில் ஏற்றும் வேகம் அப்போது நொடிக்கு 10 மெகாபிட். ஒருவருக்கு அனுப்ப 52 மணி நேரம். 40 பேருக்கு 2,080 மணி நேரம். ஏறத்தாழ மூன்று மாதம், இடைவிடாமல்! கல்லூரியில் இருக்கிற என் மகன்தான் வழி சொன்னான். "டாரன்ட்ல போடுங்கப்பா."

டாரன்ட் என்றாலே திருட்டு சினிமா என்று நினைத்திருந்தேன். அது தவறு. பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001-ல் வெளியிட்ட முறை அது. ஒரு ஃபைலை ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டு வாங்கியதுமே அவர்களும் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் ஒரே நோட்டை நாலாகப் பிரித்து நாலு அறையில் சுற்றுக்கு விடுவோமே, அதே தந்திரம். லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளை உலகமெங்கும் இப்படித்தான் பகிர்கிறார்கள். என் மகனும் அந்தத் தருமத்துக்காக ஒரு டஜன் லினக்ஸ் வட்டுகளை எப்போதும் பகிர்ந்துகொண்டே இருந்தான்.

2021 மே மாதம். அந்த மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு எதிரறைக்காரனிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். "டேய், ஒரு உதவி..." என்றான். படம் உறைந்துபோனது. மறுபடி வந்தான். "அவளையும் அட்மிட் பண்ணச் சொல்றாங்கடா, அட்வான்ஸ்..." மறுபடி உறைந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. நான் திருப்பிக் கூப்பிட்டேன், அழைப்பே போகவில்லை. என் வீட்டுக்குள் சாதாரண மொபைல் சிக்னல் கிடைக்காது. "ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் சரியில்லை போல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் வாசலுக்கு வந்து கூப்பிட்டால் அவன் எடுக்கவில்லை. அதன் பிறகும் எடுக்கவில்லை.

இருவரும் பிழைத்து வந்தார்கள். அந்த அட்வான்ஸுக்கு அவன் மகள் தன் நகையை அடகு வைத்தாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பணம் என்ற பேச்சு வந்ததும் மூன்று தடவை சரியாக அந்த இடத்தில் போனை வெட்டிவிட்டேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் நடந்தது என்ன?

நம் விடுதி வாசலில் வாட்ச்மேன் வைத்திருந்த நீளநோட்டு நினைவிருக்கிறதா? வெளியே போகிறவன் பெயர், அறை எண், எங்கே போகிறான், எத்தனை மணி என்று எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். இருநூறு பேருக்கும் வெளியுலகுக்கு ஒரே முகவரி. வெளியிலிருந்து யாராவது வந்தால் வாட்ச்மேன் நோட்டைப் பார்த்துத்தான் எந்த அறைக்கு என்று அனுப்புவார்.

உங்கள் வீட்டு ரவுட்டரும் ஒரு வாட்ச்மேன்தான். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மோடம் என்றே பெயர், போகட்டும். வீட்டில் பத்துச் சாதனங்கள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே முகவரி. உள்ளிருந்து ஒரு தொடர்பு கிளம்பும்போதெல்லாம் ரவுட்டர் தன் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து உரிய சாதனத்துக்கு அனுப்புகிறது. இணைய முகவரிகள் தீர்ந்துவிடுமே என்ற கவலையில் 1994-ல் எழுதி வெளியிடப்பட்ட ஏற்பாடு இது. 'நாட்' என்று பெயர்.

இந்த நோட்டுக்குப் பக்கங்கள் அளவானவை. நினைவகம் குறைந்த பெட்டியில் நோட்டும் சிறியது. பழைய லினக்ஸ் கணக்குப்படி 16 எம்.பி. நினைவகம் உள்ள பெட்டியில் 1,024 வரிகள்தான். நீங்கள் செய்தித்தாள் படிக்கவும் படம் பார்க்கவும் அது போதும். ஆனால் டாரன்ட் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு பேசும். அதுவும் போதாதென்று, "இந்தத் துண்டு உன்னிடம் இருக்கா?" என்று முன்பின் தெரியாத முகவரிகளையெல்லாம் விசாரித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு விசாரிப்புக்கும் ஒரு வரி.

இதைவிட வேடிக்கை, எழுதிய வரியை எப்போது அடிப்பது என்பது. எதிராளி ஒழுங்காக விடைபெற்றுப் போனால் வரியை அடித்துவிடலாம். அவன் ஊரில் மின்சாரம் போய்விட்டால் விடைபெறாமலே போய்விடுவான். அந்த வரி நோட்டிலேயே கிடக்கும். எவ்வளவு நேரம்? லினக்ஸில் யாரும் மாற்றாமல் விட்டால் 5 நாள்! இரண்டு மணி நாலு நிமிஷத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் போதும் என்று 2008-ல் வந்த இணைய நெறிமுறை சொல்கிறது. ஊருக்குப் போய்விட்டவன் பெயரை ஐந்து நாள் வரை அடிக்காமல் வைத்திருந்தால் நோட்டு நிறையாமல் என்ன செய்யும்?

நோட்டு நிறைந்தால் உள்ளே இருக்கிற பழைய தொடர்புகள் ஓடும், புதிய தொடர்பு ஒன்றும் போகாது. நான் திருப்பிக் கூப்பிட்ட அழைப்பு போகாமல் நின்றதற்குக் காரணம் அதுதான். பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், ஏனெனில் புது நோட்டு. "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்வதன் ரகசியத்தில் பாதி இதுதான்.

இது ஒரு வியாதி. அவன் கூப்பிட்ட அழைப்பு கிடைத்ததே, அது ஏன் உறைந்தது? அது வேறு வியாதி.

மெஸ்ஸில் காபி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு டம்ளர் என்றால் வரிசை நகரும். ஒருவன் நாற்பது பேருக்கு வாங்க அண்டாவோடு வந்து நின்றால்? பின்னால் ஒரே ஒரு டம்ளரோடு நிற்கிறவன் கதி என்ன? ரவுட்டரிலிருந்து வெளியே போகிற வழியிலும் இப்படி ஒரு வரிசை உண்டு. தயாரிப்பாளர்கள் துண்டுகள் தவறிப்போகக் கூடாதென்று வரிசையை மிக நீளமாக வைத்துவிடுகிறார்கள். 2 எம்.பி. அளவுள்ள வரிசை 10 மெகாபிட் லைனில் நிறைந்து நின்றால், கடைசியில் வந்த துண்டு வெளியேற 1.6 நொடி ஆகும். பேச்சுக்கு அது மரணம். 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற வல்லுநர் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு, 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்து உலகத்துக்குச் சொன்னார். வரிசைக்கு வீக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்தும் வந்துவிட்டது. கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012-ல் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு துண்டு வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்க்கும். 5 மில்லி நொடிக்கு மேல் காத்திருப்பு தொடர்ந்து நீடித்தால் ஒன்றிரண்டு துண்டுகளைத் தள்ளிவிட்டு, அனுப்புகிறவனுக்கு "மெதுவாகப் போ" என்று உணர்த்தும். அதோடு ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை போட்டு முறைவைத்து அனுப்பினால் 'எஃப்கியூ கோடெல்'. அண்டாக்காரனுக்கு ஒரு கரண்டி, டம்ளர்காரனுக்கு ஒரு கரண்டி. டம்ளர்காரன் உடனே போய்விடுவான், அண்டாவும் மெதுவாக நிறையும். 2018-ல் இது முறையான இணைய ஆவணமாகவும் வந்துவிட்டது.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இவை இரண்டும் நான் படித்த பாடம். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங், 1917-ல் கொடுத்த சூத்திரத்தை நம் பேராசிரியர் கரும்பலகை நிறைய எழுதிப் போடவில்லையா? இத்தனை பேர் பேச இத்தனை லைன் வேண்டும், இல்லையென்றால் இத்தனை சதவீதம் பேருக்கு லைன் கிடைக்காது என்ற கணக்குத்தானே? நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கிராஸ்பார் எக்ஸ்சேஞ்ச். அங்கே 'ரிஜிஸ்டர்' என்றே ஓர் உறுப்பு உண்டு. நீங்கள் சுழற்றும் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது அதுதான். லைன்கள் காலியாகக் கிடந்தாலும், ரிஜிஸ்டர் எல்லாம் வேலையில் இருந்தால் டயல் டோன் வராது. "லைன் போதலையா, ரிஜிஸ்டர் போதலையான்னு முதல்ல பாருய்யா" என்று என் மேலதிகாரி தினம் கத்துவார். அதே கேள்வியை என் வீட்டுப் பெட்டியிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியவன் என் மகன். "அப்பா, கனெக்‌ஷன் டேபிள் ஃபுல் ஆகுது" என்று 2021-லேயே சொன்னான். "முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில இருந்தவனுக்கு நீ சொல்லித் தர்றியா? உன் லினக்ஸை முதல்ல நிறுத்து" என்று விரட்டினேன். பிறகு கடைக்குப் போய் ஆறு ஆண்டெனா வைத்த பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்தேன். கடைக்காரர், "சார், மாளிகைக்கே பத்தும்" என்றார். ஒரு வாரத்தில் அதுவும் தொங்கியது. 2022 அக்டோபரில் ஒரு நாள் மகன் பொறுமை இழந்து, பெட்டிக்குள் நுழைந்து அந்தப் பக்கத்தை என் முன்னால் திறந்து வைத்தான். மொத்த வரிகள் 2,048. நிறைந்தவை 2,048. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது மூக்கில் குழாயோடு இருந்த முகம்தான்.

சரி. நீங்கள் கடைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும்? என் மகன் எனக்குச் சொன்னதையும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, நினைவகம். ஆண்டெனாவை எண்ணாதீர்கள், நினைவகத்தைக் கேளுங்கள். அட்டைப் பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள், இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 128 எம்.பி.க்குக் குறைந்தால் வேண்டாம். 256 இருந்தால் நிம்மதி. நோட்டின் ஒரு வரிக்குச் சில நூறு பைட்தான் ஆகும். ஆகவே பதினாறாயிரம் வரி வைத்தாலும் சில எம்.பி.தான். நினைவகம் இருந்தால் நோட்டைப் பெரிதாக்கலாம், அந்த ஐந்து நாளையும் குறைக்கலாம்.

இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. 2002 கடைசியில் லிங்க்ஸிஸ் கம்பெனி 'டபிள்யூ.ஆர்.டி. 54ஜி' என்று நீலமும் கறுப்புமாக ஒரு பெட்டி வெளியிட்டது. உள்ளே ஓடியது லினக்ஸ் என்பதால், அதன் உரிம விதிப்படி 2003-ல் மூல நிரல் வெளியிடப்பட்டது. அதை வைத்து 2004-ல் 'ஓபன்டபிள்யூஆர்டி' என்ற பொதுத் திட்டம் பிறந்தது. 2005-ல் அதே பெயரில் வந்த ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தை 16-லிருந்து 8 எம்.பி.யாகப் பாதியாக்கி, லினக்ஸையும் எடுத்துவிட்டார்கள். வெளித்தோற்றம் அதே பெட்டி! ஆகவே மாடல் பெயர் மட்டும் போதாது, அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணையும் பாருங்கள்.

இரண்டாவது, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி. 'எஸ்.க்யூ.எம்.' அல்லது 'எஃப்கியூ கோடெல்' அல்லது 'கேக்' என்ற பெயர்களில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'கியூஓஎஸ்' என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள், அது என்ன செய்கிறது என்று விசாரியுங்கள். இதை இயக்கும்போது உங்கள் லைனின் உண்மை வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் வரை எல்லையாகக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை உங்கள் பெட்டியில் நிற்கும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். முழுசாகக் கொடுத்தால் அடுத்த பெட்டியில் போய் நிற்கும்.

மூன்றாவது, பிராசஸர். பெட்டிகள் பலவற்றில் வேகமாக அனுப்ப ஒரு குறுக்குவழி வன்பொருளிலேயே இருக்கும். வரிசை ஒழுங்கை இயக்கினால் பொதுவாக அந்தக் குறுக்குவழி அடைபட்டு, எல்லா வேலையும் பிராசஸர் தலையில் விழும். 'நூறு மெகாபிட் லைனுக்குப் போதும்' என்ற பெட்டி அப்போது நாற்பதிலேயே மூச்சு வாங்கும். வேகமான லைன் வைத்திருக்கிறவர்கள் இரண்டு கோருக்குக் குறையாமல் பாருங்கள்.

நாலாவது, போர்ட். பெட்டியின் மேல் 'ஏசி 1200' என்று போட்டிருக்கும். அது 300-ஐயும் 867-ஐயும் கூட்டி முழுமைப்படுத்திய எண். எந்த ஒரு சாதனத்துக்கும் 1200 கிடைக்காது. அதைவிட மோசம், அப்படிப்பட்ட சில பெட்டிகளில் பின்னால் இருக்கிற ஒயர் போர்ட் வெறும் 100 மெகாபிட்தான். 200 மெகாபிட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு நூறைத்தான் அனுபவித்துக்கொண்டிருப்பீர்கள். எல்லா போர்ட்டும் கிகாபிட்டா என்று கேளுங்கள். இராப்பகலாக ஃபைல் பகிரும் கணினியை ஒயரில்தான் இணைக்க வேண்டும். வைஃபையை போனுக்கும் பேத்திக்கும் விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, கம்பெனிக்காரர் கொடுத்த பெட்டி. இப்போது ஃபைபர் போடுகிறவர்கள் வெள்ளையாக ஒரு பெட்டி மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதுவும் ஒரு ரவுட்டர்தான். நீங்கள் புதுப் பெட்டி வாங்கி அதன் பின்னால் சொருகினால் வாசலில் இரண்டு வாட்ச்மேன், இரண்டு நோட்டு. புது நோட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பழைய நோட்டு நிறைந்தால் கதை முடிந்தது. ஆகவே அந்தப் பெட்டியை 'பிரிட்ஜ்' முறையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். நாலு தடவை கேட்டால் செய்து தருவார்கள்.

சில இடங்களில் கம்பெனியே தெருவுக்கெல்லாம் சேர்த்து ஒரு நோட்டு வைத்திருக்கும். உங்கள் பெட்டியின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஆரம்பித்தால் அதுதான் விஷயம். 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. அங்கே எந்த ரவுட்டர் வாங்கினாலும் வெளியிலிருந்து ஒருவர் நேராக உங்கள் கணினிக்கு வர முடியாது. தனி முகவரி தருவார்களா, அல்லது ஐபிவி6 உண்டா என்று கேட்பதுதான் வழி. பணத்தைச் செலவு செய்யும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆறாவது, சூடும் மின்சாரமும். இது நம் ஊருக்கென்றே உள்ள பாடம். டி.வி. ஸ்டாண்டுக்குள் கண்ணாடிக் கதவைச் சாத்தி, மேலே துணி பின்னல் விரிப்பும் போட்டு வைத்தால் ஏப்ரல், மே மாதத்தில் எந்தப் பெட்டியும் தொங்கும். காற்றோட்டமாகச் சுவரில் மாட்டுங்கள். பெட்டி நன்றாக இருந்து அடாப்டர் தளர்ந்துபோவதும் உண்டு. யாரும் எதுவும் செய்யாத மத்தியானத்திலும் அணைந்து அணைந்து எரிந்தால் நோட்டைச் சந்தேகப்படாதீர்கள், அடாப்டரை மாற்றிப் பாருங்கள். 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வோல்ட்டும் ஆம்பியரும் பெட்டிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஏழாவது, கம்பெனி இன்னும் புது மென்பொருள் கொடுத்துக்கொண்டிருக்கிறதா என்பது. மூன்று வருஷமாக ஒன்றும் வரவில்லையென்றால் அந்த வாட்ச்மேன் தூங்குகிறார் என்று அர்த்தம். ஓபன்டபிள்யூஆர்டி போடக்கூடிய பெட்டியாக வாங்கினால், கம்பெனி கைவிட்டாலும் உங்களுக்குக் கதி உண்டு. ஆனால் அதைப் போடும்போது தவறினால் பெட்டி செங்கல்லாகிவிடும். வீட்டில் தெரிந்த பிள்ளை இருந்தால் விடுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள்.

புதிதாக எதுவும் வாங்கும் முன்னால் காசில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. டாரன்ட் மென்பொருளிலேயே மொத்தத் தொடர்புகளை 150, 200 என்று குறைத்து வையுங்கள். ஏற்றும் வேகத்தை உங்கள் லைனில் முக்கால் பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். பாதி வீடுகளில் இதுவே போதும். என் வீட்டில் 2021-ல் இதைச் செய்திருந்தாலே போதும்.

சோதித்துப் பார்ப்பதும் சுலபம். ஒரு பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டே 'பிங்' கொடுத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 20 மில்லி நொடி வந்தது, ஏற்றும்போது 1,000 என்று போனால் வரிசை வீக்கம். பிங் நன்றாக இருந்து புதிய பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால் நோட்டைப் பாருங்கள்.

நாங்கள் 256 எம்.பி. நினைவகமுள்ள பெட்டி ஒன்றை மகன் விருப்பப்படி வாங்கினோம். கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜில் போட்டோம். 16,384 வரி நோட்டு. இரண்டே மாதத்தில் 40 பேருக்கும் 234 ஜி.பி.யும் போய்ச் சேர்ந்தது. ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வீடியோவில் பேசிப் பார்த்தேன், உறையவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, 2,048-ஐப் பார்த்த வாரமே, கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவன், "வா" என்றான். அவ்வளவுதான். அவன் மனைவி காபி கொடுத்தார்கள். நான் ஒரு காகிதத்தை எடுத்து, நோட்டு, வரிசை, அண்டா, டம்ளர் எல்லாம் படம் போட்டு விளக்கினேன். அவனும் நம் வகுப்புதானே. கடைசி வரை கேட்டான். பிறகு சிரித்தான். "எர்லாங் ஃபார்முலா சொல்லி மன்னிப்புக் கேக்கிற முதல் ஆள் உலகத்திலேயே நீதான்டா" என்றான். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "பெட்டி ரொம்பிடுச்சு, சரி. நீ ஏன்டா அன்னிக்கு ராத்திரி தெருவுக்கு வந்து சாதா போன்ல கூப்பிடலை?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாசல் இருபதடி தூரம். அந்த இருபதடியை நான் நடக்கவில்லை. ரவுட்டரின் குற்றத்தை ரவுட்டருக்குச் சொன்னேன், என் குற்றத்தை அவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் மகளிடமும் சொன்னேன். நகை எப்போதோ மீட்டாகிவிட்டது, ஆனாலும் அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்க எனக்கு நேரமாயிற்று.

இன்று காலை இந்த அரங்கத்துக்குள் நுழையும்போது எதிரறைக்காரன் எனக்கு முன்னால் வந்து, பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். 1985-ல் மெஸ்ஸில் செய்ததுபோல. (கைதட்டல்)

அன்பர்களே, நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகள் சொன்னால் காதுகொடுங்கள். கேசட்டுகள் இன்னும் வேண்டியவர்கள் என் மகனிடம் சொல்லுங்கள், இப்போது பயமில்லாமல் ராத்திரி முழுக்க அனுப்புவோம். ஆனால் நண்பன் அழைப்பு அறுந்துபோனால், பெட்டியை அணைத்துப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து கூப்பிடுங்கள்.

செயலாளர் மைக்கை நோக்கி வருகிறார்.